தாயிரங்கு பத்து முதல் தார்நாகா வரை

சங்க ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு மலர்க் குழு நண்பர் ஒருவர் கடைக்கே வந்துவிட்டார். "சமணர் வளர்த்த தமிழ் பத்தி வழக்கம்போல எழுதிக் குடுத்துடுங்க" என்றார். சரி என்று தலையாட்டினேன். அன்று மாலையே இந்தக் கட்டுரையின் பொருள் மாறிப்போனது.

அன்று எங்கள் வாடிக்கை அம்மா ஒருவர் வந்து இரண்டு கிலோ இட்லி அரிசி கேட்டார். இருபத்தைந்து வருடங்களுக்கு மேலாக மாதம் பத்து கிலோவுக்குக் குறையாமல் வாங்கிய வீடு அது. "ஏம்மா, ஊருக்குக் கிளம்பறீங்களா?" என்று கேட்டேன். "இல்லைங்க. பெரியவன் போயி ஆறு வருஷம் ஆச்சு. போன வாரம் சின்னவளும் போயிட்டா. இனிமே நாங்க ரெண்டு பேர்தானே, ரெண்டு கிலோ போதும்" என்றார். பணத்தைக் கொடுத்துவிட்டுத் திரும்பும்போது முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். வெயிலுக்காகத் துடைத்தது போலத்தான் இருந்தது. ஆனால் அப்போது வெயில் இறங்கிவிட்டிருந்தது.

எனவே, பிள்ளைகள் தொலைதூரம் போகும்போது பெற்றவர்கள் படும் துயரத்தை நம் முன்னோர் எப்படிச் சொன்னார்கள், எப்படிச் சமாளித்தார்கள் என்பதைப் பற்றி எனக்குத் தெரிந்த அளவில் எழுதுகிறேன். நான் பேராசிரியர் அல்ல. வந்தவாசிப் பக்கத்துச் சமணக் குடும்பத்தில் பிறந்து, தார்நாகாவில் ஆரணி அரிசியும் பருப்பும் விற்கிறவன். பகலில் தராசு, இரவில் புத்தகம். பிழை இருந்தால் பெரியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

தார்நாகா என்னும் நாக்கா

முதலில் நம் இடத்தின் கதை. 'தார்' என்றால் கம்பி வேலி, 'நாக்கா' என்றால் காவல் சாவடி. நிஜாம் காலத்தில் இங்கிருந்த தோட்டங்களுக்குக் கம்பி வேலியும், வழியில் ஒரு சாவடியும் இருந்ததால் இந்தப் பெயர் வந்தது என்று இங்குள்ளவர்கள் சொல்வார்கள். போகிறவர் வருகிறவரைப் பார்த்துக்கொண்டே இருக்கும் இடத்துக்குப் பொருத்தமான பெயர்தான்.

இந்த இரட்டை நகரத்துக்குத் தமிழர் வந்தது ஒரே அலையாக அல்ல. 1798 உடன்படிக்கைக்குப் பிறகு நிஜாமின் செலவில் ஆங்கிலப் படை இங்கே நிலையாகத் தங்கியது. அந்தப் பாளையம்தான் 1806-ல் சிக்கந்தர் ஜாவின் பெயரால் செகந்தராபாத் ஆயிற்று. மதராஸ் ராணுவத்தின் பின்னாலேயே சிப்பாய்களும் சரக்குக் குத்தகைக்காரர்களும் கணக்கர்களுமாகத் தமிழ்க் குடும்பங்கள் வந்தன. 1862-ல் சோமசுந்தரம் முதலியார் தொடங்கிய பள்ளியே பிற்பாடு மகபூப் கல்லூரி ஆனது. 1893 பிப்ரவரியில் விவேகானந்தர் அங்கேதான் சொற்பொழிவாற்றினார். 1874-ல் வாடியிலிருந்து செகந்தராபாத்துக்கு ரயில் வந்தது. 1966 அக்டோபர் 2-ல் தென் மத்திய ரயில்வே உருவாகி, அதன் தலைமையகம் செகந்தராபாத் ஆனபோது இன்னொரு அலை வந்தது.

தார்நாகாவுக்கே உரிய ஒரு வரவும் உண்டு. 1918-ல் நீலகிரியில் குன்னூரில் பெரிபெரி நோய் ஆராய்ச்சிக்கென்று ஒரு சின்ன ஆய்வுக்கூடம் தொடங்கப்பட்டது. அது வளர்ந்து 1958-ல் ஹைதராபாத்துக்கு இடம் மாறியது. 1969-ல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்று பெயர் பெற்றது. நம் வீட்டுப் பக்கத்தில் உஸ்மானியா பல்கலைக்கழகத்தை ஒட்டி இருக்கிறதே, அதுதான். ஓர் ஆய்வுக்கூடம் இடம் மாறினால் கண்ணாடிக் குடுவைகள் மட்டும் ரயிலேறி வருவதில்லை. அதில் வேலை பார்த்த மனிதர்களும் மூட்டை கட்டிக்கொண்டு வருகிறார்கள். குன்னூரிலும் கோயம்புத்தூரிலும் அவர்களைப் பெற்றவர்கள் நின்றுவிடுகிறார்கள்.

ராணுவம் வந்த ஆண்டு, ரயில் வந்த ஆண்டு, ஆய்வகம் வந்த ஆண்டு எல்லாம் நமக்குப் பதிவில் கிடைக்கின்றன. வந்தவர்களை அனுப்பிவிட்டு ஊரில் நின்றவர்களின் நாட்கள் எந்தப் பதிவிலும் இல்லை. இன்று நம் பிள்ளைகள் போகிறார்கள் என்று கலங்கும் நாம் எல்லோரும் ஒரு காலத்தில் போன பிள்ளைகள். இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவது இதிலிருந்துதான் தொடங்குகிறது.

வரவுப் பக்கத்தில் ஒரு கடிதம்

நான் 1981-ல், இருபத்தொரு வயதில் செகந்தராபாத்தில் இறங்கினேன். தூரத்து உறவினர் ஒருவரின் மண்டியில் வேலை. ஊரில் அப்பாவுக்கு மூன்று ஏக்கர் நஞ்சை, நான் ஒரே மகன். "போய்ட்டு வா" என்றார், அவ்வளவுதான். அம்மா மட்டும் பேருந்து நிற்கும் இடம் வரை வந்தாள்.

அப்பா வாரம் தவறாமல் அஞ்சலட்டை போடுவார். எல்லாம் ஒரே மாதிரி இருக்கும். இவ்விடம் யாவரும் நலம், அவ்விட நலத்துக்குக் கடிதம் போடவும், மழை இல்லை, பசு கன்று ஈன்றது. படித்துவிட்டுக் கல்லாப் பெட்டிக்குள் போடுவேன். பதில் எழுத நேரம் இருக்காது. இருந்தாலும் எழுதத் தோன்றாது. அதில் என்ன புதுசாக இருக்கிறது என்று நினைப்பேன். இந்தியாவில் அஞ்சலட்டை 1879-லும், பணவிடை 1880-லும், இன்லேண்ட் கடிதம் 1950-லும் வந்தன. மூன்றில் எனக்குப் பழக்கமானது பணவிடை ஒன்றுதான். பணம் போய்ச் சேர்ந்தால் பிள்ளையின் கடமை முடிந்தது என்பது என் எண்ணம். பணவிடைத் தாளின் அடியில் சேதி எழுத இடம் விட்டிருப்பார்கள். அதையும் பெரும்பாலும் வெறுமையாகவே விட்டிருக்கிறேன்.

அப்பா 1996-ல் காலமானார். அம்மாவும் போன பிறகு, 2009-ல் வீட்டைக் காலி செய்யும்போது ஒரு தகரப் பெட்டி கிடைத்தது. அதில் என் கடிதங்கள் இருந்தன. பதினைந்து வருடத்துக்கு மொத்தம் முப்பத்தொன்பது. ஒவ்வொன்றின் மூலையிலும் வந்து சேர்ந்த தேதி பென்சிலால் எழுதியிருந்தது. கூடவே அப்பாவின் நெல் கணக்கு நோட்டுகள். வரவுப் பக்கத்தில், நெல் விற்ற தொகைக்கும் வைக்கோல் விற்ற தொகைக்கும் நடுவில், "பையன் கடிதம்" என்று எழுதி, தொகை போடும் இடத்தில் ஒரு கோடு இழுத்திருந்தார். இப்படி முப்பத்தொன்பது இடங்கள். நான் அனுப்பிய பணமும் வரவில்தான் இருந்தது. ஆனால் அது தனி வரி.

அந்த நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு நான் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று என் மனைவிக்குத்தான் தெரியும்.

திணை இல்லாத துயரம்

அதற்குப் பிறகு நான் சங்க நூல்களைத் திரும்பப் படித்தபோது இந்தக் கண்ணோடுதான் படித்தேன். ஐங்குறுநூற்றில் ஓதலாந்தையார் பாடிய பாலைப் பகுதியில் 'மகட்போக்கிய வழித் தாயிரங்கு பத்து' என்று ஒரு தனிப் பத்தே இருக்கிறது. மகள் தன் காதலனோடு வீட்டை விட்டுப் போய்விட்டாள், தாய் வருந்துகிறாள். பத்துப் பாட்டும் அதுதான். அதே பாலைப் பகுதியின் கடைசியில் 'மறுதரவுப் பத்து' என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். மறுதரவு என்றால் திரும்பி வருதல். அதில் ஒரு தாய் காக்கையிடம், என் மகள் வருவதைச் சொல்லிக் கரைந்தால் பொற்கிண்ணத்தில் ஊன் சோறு தருகிறேன் என்கிறாள். எங்கள் வீட்டுக் காக்கைகளுக்குப் பருப்புச் சோறுதான், ஊனுக்கு வழியில்லை. ஆனாலும் என் மனைவி தினமும் வைக்கிறாள், அதுவும் கரைகிறது.

கலித்தொகையில் பெருங்கடுங்கோவின் பாட்டு ஒன்று பலருக்கும் தெரிந்தது. மகளைத் தேடிப் போகும் செவிலித்தாய் வழியில் எதிர்ப்பட்ட பெரியவர்களிடம் விசாரிக்கிறாள். கண்டோம் என்கிறார்கள் அவர்கள். மலையில் பிறந்தாலும் சந்தனம் பூசுகிறவருக்குத்தான் பயன், கடலில் பிறந்தாலும் முத்து அணிகிறவருக்குத்தான், யாழில் பிறந்தாலும் இசை கேட்கிறவருக்குத்தான், உன் மகளும் அப்படித்தான், எனவே வருந்தாதே என்று தேற்றுகிறார்கள். இதை எத்தனையோ பட்டிமன்றங்களில் கேட்டிருக்கிறோம். நான் கவனித்த ஒன்றைச் சொல்கிறேன். பாட்டு பெரியவர்களின் பேச்சோடு முடிந்துவிடுகிறது. அதைக் கேட்டு அந்தத் தாய் தேறினாளா, திரும்பி வீட்டுக்குப் போனாளா என்று பாட்டில் இல்லை. புலவருக்கு விவரம் தெரிந்திருக்கிறது. உவமை சரியாக இருந்தால் அழுகை நின்றுவிடும் என்று அவர் எழுதவில்லை.

இவையெல்லாம் மகளுக்காக. மகன் போனால்? தொல்காப்பியம் ஓதலுக்காகவும் பகை காரணமாகவும் தூது காரணமாகவும் பொருளுக்காகவும் ஆண் பிரிந்து போவதைப் பேசுகிறது. அந்தப் பிரிவுகளில் ஏங்குகிறவள் தலைவி. வாசலில் நிற்கும் தாய் தந்தையருக்கு, நான் படித்த அளவில், அகத்தில் இடம் ஒதுக்கப்படவில்லை. புறநானூற்றில் காவற்பெண்டு என்ற புலவர் பாட்டில் ஒரு தாய் வருகிறாள். உன் மகன் எங்கே என்று கேட்டவளிடம், எங்கே இருக்கிறான் என்று தெரியாது, புலி இருந்துவிட்டுப் போன குகை போன்ற வயிறு இதோ இருக்கிறது என்கிறாள். கேட்க வீரமாகத்தான் இருக்கிறது. ஆனால் புலி போன குகை வெறும் குகைதானே! மகளை அனுப்பிய தாய்க்கு அழ ஒரு பத்து கொடுத்த மரபு, மகனை அனுப்பிய தாய்க்குப் பெருமை பேச மட்டும் இடம் கொடுத்தது. இன்றும் அப்படித்தான். "பையன் கனடாவிலா? குடுத்து வெச்சவங்க!" என்று சொல்லிவிட்டால் அதற்குமேல் நாம் வாய் திறக்க முடிகிறதா?

பூம்புகாரில் இரண்டு வீடுகள்

இந்தக் குறையைத் தீர்த்தவர் இளங்கோவடிகள் என்பது என் கருத்து. அவரைச் சமணர் என்பது எங்கள் மரபு, மறுப்பவர்களும் உண்டு. உ.வே.சாமிநாதையர் 1892-ல் பதிப்பித்த சிலப்பதிகாரத்தைக் கோவலன் கண்ணகி கதையாகவே நாம் படிக்கிறோம். அது மாசாத்துவான், மாநாய்கன் என்ற இரண்டு வணிகர் வீடுகளின் கதையும் கூட. சாத்து என்றால் வணிகக் கூட்டம். தரையில் வண்டி கட்டிப் போகிறவர் ஒருவர், கடலில் கப்பல் விடுகிறவர் மற்றவர். ஊருக்கு ஊர் போவதையே தொழிலாகக் கொண்ட இருவர். அவர்களுக்கே பிள்ளைகள் சொல்லாமல் போனதைத் தாங்க முடியவில்லை.

கோவலனும் கண்ணகியும் விடியுமுன் புறப்பட்டார்கள். மதுரைக்குப் போகும் வழியில் புறஞ்சேரி இறுத்த காதையில் கோசிகன் என்ற அந்தணன் அவர்களைத் தேடி வருகிறான். துன்பத்தில் கோவலனின் உருவம் மாறிப்போயிருக்கிறது. இவன்தானா என்று சந்தேகப்பட்டு, பக்கத்தில் வாடியிருந்த குருக்கத்திக் கொடியோடு பேசுவது போலப் பேசிப் பார்த்துத்தான் அடையாளம் காண்கிறான். பிறகு வீட்டு நிலைமையைச் சொல்கிறான். பெற்றோர் மணியை இழந்த நாகம் போல் ஆனார்கள், சுற்றத்தார் உயிர் போன உடம்பு போல் ஆனார்கள், ஏவலாட்கள் திசைக்கொருவராய்த் தேடிப் போயிருக்கிறார்கள், இராமன் போன அயோத்தி போல ஊர் இருக்கிறது. மாதவி கொடுத்தனுப்பிய ஓலையையும் தருகிறான்.

இனி வருவதுதான் எனக்கு முக்கியம். அந்த ஓலையில் மாதவி, பெற்றோருக்குச் செய்ய வேண்டிய பணியையும் விட்டு இரவில் கிளம்பும்படி என்ன பிழை நேர்ந்தது என்று தெரியாமல் கலங்குகிறேன், இந்தக் கலக்கத்தைத் தீர்க்க வேண்டும் என்று எழுதியிருக்கிறாள். படித்த கோவலன், தவறு அவளுடையது அல்ல, என்னுடையது என்று உணர்கிறான். இந்த ஓலையின் வாசகம் என் பெற்றோருக்கும் பொருந்துகிறது, இதையே அவர்களிடம் கொடு, நான் அடிபணிந்தேன் என்று சொல், அவர்கள் துயரத்தைச் சீக்கிரம் போக்கு என்று கோசிகனைத் திருப்பி அனுப்புகிறான்.

யோசித்துப் பாருங்கள். பெற்றவர்களுக்கு அவன் அனுப்பியது இன்னொருத்தி எழுதிய கடிதம். சொந்தமாக ஒரு வரி எழுதும் தெம்பு அவனிடம் இல்லை. பணவிடைத் தாளின் அடியை வெறுமையாக விட்ட எனக்கு இந்த இடத்தைப் படிக்கும்போது உடம்பு கூசியது.

கொலைக்களக் காதையில், கடைசிச் சாப்பாட்டுக்குப் பிறகு, முதிய தாய் தந்தையர் இப்போது என்ன துன்பத்தில் இருக்கிறார்களோ, அவர்கள் சொல்லையும் தவறினேனே என்று அவன் புலம்புகிறான். கண்ணகி அப்போது பழையதொன்றைச் சொல்கிறாள். நீங்கள் இல்லாத காலத்தில் உங்கள் பெற்றோர் என்னைப் பார்க்க வருவார்கள், என் நோயை மறைத்துச் சிரிப்பேன், அந்தப் பொய்ச் சிரிப்பைப் பார்த்து அவர்கள் வருந்துவார்கள் என்கிறாள். தொலைவில் இருந்துகொண்டு "நல்லா இருக்கோம்ப்பா, ஒண்ணும் பிரச்சினை இல்லை" என்று சொல்லும் பிள்ளைகளுக்கு இந்த வரலாறு தெரிய வேண்டும். பொய்ச் சிரிப்பு பெற்றவர்களுக்குத் தெரிந்துவிடும். அன்றைக்கே தெரிந்தது.

முடிவு நாம் அறிந்தது. சேதி போனபோது காலம் கடந்துவிட்டது. மாசாத்துவான் சொத்தையெல்லாம் தானம் செய்துவிட்டுப் பௌத்த விகாரத்தில் துறவு பூண்டார். மாநாய்கன் ஆசீவகரிடம் துறவு கொண்டார். இரண்டு தாய்மாரும் துயரத்திலேயே உயிர் விட்டார்கள். தந்தையருக்குப் போக ஒரு மடமாவது இருந்தது. தாய்மாருக்குப் பிள்ளையைத் தவிர வேறு எதையும் அந்த உலகம் வைத்திருக்கவில்லை. நம் வீடுகளில் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற அப்பாக்கள் நடைப்பயிற்சிக் குழுவில் சேர்ந்துவிடுகிறார்கள். முப்பது வருடம் டிபன் டப்பா கட்டிய அம்மாக்கள் காலை ஏழு மணிக்கு என்ன செய்வார்கள்?

கொலனுபாகாவில் கேட்டது

என் ஒரே மகன் 2016-ல் டொரண்டோ போனான். 2008 மார்ச்சில் விமான நிலையம் பேகம்பேட்டிலிருந்து ஷம்ஷாபாத்துக்குப் போய்விட்டதால் வழியனுப்புவதே பாதி நாள் வேலை. திரும்பும் வழி முழுக்க என் மனைவி ஒன்றும் பேசவில்லை. பிறகு ஒரு மாதம் ஒழுங்காகச் சமைக்கவும் இல்லை.

மனசு ஆறட்டும் என்று அவளைக் கொலனுபாகா கோயிலுக்கு அழைத்துப் போனேன். இங்கிருந்து எண்பது கிலோமீட்டர் இருக்கும், குல்பாக்ஜி என்பார்கள். சுவேதாம்பர மரபுக் கோயில். நாங்கள் திகம்பர மரபு. ஆனாலும் ஆதிநாதர் எல்லோருக்கும் ஆதிநாதர்தான். அங்கே வந்திருந்த மார்வாடிப் பெரியவர் ஒருவர், நான் தமிழன் என்று நம்பாமல் சிறிது நேரம் ஆராய்ந்துவிட்டு, தங்கள் மரபுக் கதை ஒன்றைச் சொன்னார். ஆதிநாதர் துறவு பூண்டு போனபின் தாய் மருதேவி மகனை நினைத்து அழுது அழுது கண் பார்வையே மங்கிவிட்டதாம். பிற்பாடு பேரன் பரதன் யானை மேல் ஏற்றிக் கூட்டிப் போனபோது, தேவர்கள் சூழ மகன் இருக்கும் கோலத்தை அறிந்து, பற்று அற்று, அந்த யானை மேலேயே முக்தி அடைந்தாளாம். எங்கள் மரபில் இந்தக் கதை இல்லை.

மகாவீரர் கதையிலும் இரண்டு மரபுக்கும் இப்படி ஒரு வேறுபாடு உண்டு. தாய் மனம் நோகக் கூடாது என்று, பெற்றோர் உயிரோடு இருக்கும் வரை துறவு கொள்வதில்லை எனக் கருவிலேயே முடிவு செய்து, அவர்கள் காலத்துக்குப் பிறகே முப்பதாவது வயதில் கிளம்பினார் என்பது சுவேதாம்பரர் கூற்று. பெற்றோர் இருக்கும்போதே முப்பது வயதில் கிளம்பினார் என்பது எங்கள் கூற்று. எது சரி என்று வாதாடப் பண்டிதர்கள் இருக்கிறார்கள். எனக்குத் தோன்றியது வேறு. உலகைத் துறக்கும் தீர்த்தங்கரர் விஷயத்தில்கூட, பெற்றவர்களை என்ன செய்வது என்ற கேள்வியை இரண்டு மரபும் தாண்டிப் போகவில்லை. ஒன்று காத்திருக்க வைத்தது, ஒன்று போக விட்டது. காத்திருந்த மகனும் நல்ல மகன்தான், போன மகனும் நல்ல மகன்தான்.

இதைப் பேருந்தில் வரும்போது மனைவியிடம் சொன்னேன். "அதெல்லாம் சரிங்க, நம்ம பையன் என்னிக்கு வருவான்னு சொல்லுங்க" என்றாள்.

தேதி போட்ட பிரிவு

அவள் கேட்டதில் ஒரு வணிக வரலாறே இருக்கிறது. பர்மாவுக்கும் மலேயாவுக்கும் இலங்கைக்கும் 'கொண்டுவிக்க'ப் போன நகரத்தார், கடல் கடந்த கடைகளுக்கு ஏஜெண்டுகளை மூன்று வருடக் கணக்கில் அனுப்புவது வழக்கம். கணக்கை அடுத்தவரிடம் ஒப்படைத்துவிட்டு ஊர் திரும்ப வேண்டும். பொருளீட்டும் ஏற்பாடுதான் அது. ஆனால் செட்டிநாட்டு வீட்டில் காத்திருந்த ஆத்தாவுக்கும் அதில் ஒரு லாபம் இருந்தது. எண்ணுவதற்கு நாட்கள் இருந்தன. 1942-ல் ஜப்பானியர் பர்மாவுக்குள் வந்தபோது அந்தக் கணக்கு குலைந்தது, பலர் உயிருக்குத் தப்பி நடந்தே வந்தார்கள்.

எண்ண நாட்களே இல்லாத பிரிவும் உண்டு. டொரண்டோவில் என் மகன் முதலில் குடியிருந்த வீட்டுக்கார அம்மா யாழ்ப்பாணத்தவர். 1983-க்குப் பிறகு வெளியேறியவர். போர் நடந்த ஆண்டுகளில் கடிதம் போய்ச் சேர்ந்ததா என்றே தெரியாது, அம்மாவின் கடைசிக் காலத்தில் பக்கத்தில் இருக்க முடியவில்லை என்று அவனிடம் சொல்லியிருக்கிறார். அதைக் கேட்டபின் நான் என் வருத்தத்தைக் கொஞ்சம் அளந்துதான் பேசுகிறேன்.

நமக்கு வாய்த்தது இந்த இரண்டுக்கும் நடுவில். தினமும் முகம் பார்த்துப் பேசலாம். எங்களுக்குக் காலை ஏழு மணி என்றால் அவனுக்கு முந்தின இரவு ஒன்பதரை, குளிர்காலத்தில் எட்டரை. ஆனால் திரும்பும் தேதி இல்லை. "அடுத்த வருஷம் பார்க்கலாம்ப்பா" என்பது தேதி ஆகாது. ஒரு நாள் துணிந்து கேட்டேன்: "வருவியா மாட்டியா, எதுவானாலும் சொல்லு. தெரியாம இருக்கறதுதான் உங்கம்மாவுக்குக் கஷ்டமா இருக்கு." கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "நிரந்தரமா வர மாட்டேன்னுதான்ப்பா தோணுது. ஆனா ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை பொங்கலுக்கு வந்துடறேன்" என்றான். அன்று இரவு அவள் அழுதாள். மறுநாள் எழுந்து நாட்காட்டியில் குறித்தாள். கொரோனாவால் ஒரு முறை தவறியது. மற்றபடி சொன்ன வாக்கைக் காப்பாற்றி வருகிறான்.

மாதரியின் வீடு

கடைசியாக ஒன்று. சிலப்பதிகாரத்தில் அடைக்கலக் காதையை நான் முன்பெல்லாம் சமணத் துறவி கவுந்தியடிகளின் பெருமைக்காகப் படிப்பேன். இப்போது மாதரிக்காகப் படிக்கிறேன். மதுரையின் புறத்தே பால் விற்கும் ஆயர் மகள். அவளிடம் கவுந்தியடிகள் கண்ணகியை ஒப்படைத்து, இவளைப் பெற்ற தாய் இங்கே இல்லை, நீயே தாயாக இருந்து பார்த்துக்கொள் என்கிறார். யார் என்ன என்று துருவாமல் மாதரி கூட்டிக்கொண்டு போய்ப் புது வீடும் அரிசியும் காய்கறியும் கொடுக்கிறாள். பூம்புகாரில் தாய் அழுதுகொண்டிருந்த அதே நாட்களில், மதுரையில் ஒருத்தி அவள் பெண்ணுக்குச் சமைக்க வேண்டியதை எடுத்துவைத்துக்கொண்டிருந்தாள். பெற்றவளுக்கு இது தெரியாது.

என் மகன் முதல் குளிர்காலத்தில் காய்ச்சலில் படுத்தபோது அந்த யாழ்ப்பாணத்து அம்மாதான் கஞ்சி வைத்துக் கொடுத்தாராம். எங்களுக்கு ஆறு மாதம் கழித்துத்தான் தெரிந்தது. கேட்ட அன்று என் மனைவி நேரே கடைக்கு வந்தாள். "நம்ம கிட்ட அரிசி வாங்க வருதே, யுனிவர்சிட்டி ஹாஸ்டல் பசங்க, தமிழ்நாட்டுப் பசங்க, அதுங்க ஞாயித்துக்கிழமை எங்க சாப்பிடுதுங்க?" என்று கேட்டாள். எனக்குத் தெரியாது. முப்பது வருடமாக அவர்களுக்குச் சில்லறை எண்ணிக் கொடுத்திருக்கிறேன், அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. 2017 முதல் ஞாயிறு காலை எங்கள் வீட்டில் நாலைந்து பேருக்கு இட்லி உண்டு. விழுப்புரத்துப் பெண் ஒருத்தி, பரமக்குடிப் பையன் ஒருவன் என்று வருடத்துக்கு வருடம் ஆள் மாறும். சாப்பிட்ட கையோடு ஊருக்குப் போன் போட்டு, பெற்றவர்களிடம் பேசிவிட்டுத்தான் எழ வேண்டும் என்பது அவள் போட்ட சட்டம். அவள் துயரம் தீர்ந்துவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். விமானச் சத்தம் கேட்டால் இன்னும் தலை தூக்கிப் பார்க்கிறாள். ஆனால் காலை ஏழு மணிக்கு அவளுக்கு வேலை இருக்கிறது.

இரண்டு கிலோ அரிசி வாங்கிய அம்மாவை அடுத்த ஞாயிறு வீட்டுக்கு வரச் சொல்லியிருக்கிறோம். வருகிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. பார்ப்போம்.

இந்த மலர் வெளியூர்களுக்கும் போகும், தொலைவில் இருக்கும் பிள்ளைகள் கண்ணிலும் படும். அவர்களுக்கு இந்த அரிசிக்காரன் சொல்வது கொஞ்சம்தான். உள்ளதைச் சொல்லுங்கள், பொய்யாகச் சிரிக்காதீர்கள். வரும் தேதியைச் சொல்லுங்கள், வர முடியாவிட்டால் அதையும் சொல்லுங்கள். மாதம் ஒரு முறையாவது கையால் எழுதுங்கள். போனில் பேசியது அன்றோடு போய்விடும், கடிதத்தைப் பெட்டியில் வைக்கலாம். நான் கேட்டுக்கொண்டதால் என் மகன் எழுதுகிறான். அவன் தமிழ் எழுத்து கோணல்மாணலாகத்தான் இருக்கிறது. வந்து சேர்ந்த தேதியை மூலையில் பென்சிலால் குறித்து, கடைப் பேரேட்டின் வரவுப் பக்கத்தில் "பையன் கடிதம்" என்று எழுதுகிறேன். ஆடிட்டர் பையன், இது என்ன எண்ட்ரி, தொகை இல்லையே என்று கேட்டான். எங்கள் அப்பா காலத்திலிருந்து வரும் வழக்கம் என்று சொன்னேன்.